பழைய லேண்ட் ரோவருக்குக் காற்றோட்டம்: முன்வாசலும் புறவாசலும்

மலேசியாவின் கேமரன் மலையில் லேண்ட் ரோவர் வைத்திருக்கும் பலருக்குக் காற்றோட்டம் ஒரு பிரச்சினையே அல்ல. கம்போங் ராஜா, கியா பார்ம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் ஓடும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கதவைக் கழற்றிப் பல வருடம் ஆகியிருக்கும்; சிலவற்றுக்குக் கூரையும் இருக்காது. முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு, ஓட்டுபவர் மழைச்சட்டையோடு உட்கார்ந்திருப்பார். காற்று எப்படி வருகிறது என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

மூடிய வண்டி வைத்திருப்பவர்கள்தாம் அவதிப்படுகிறோம். என்னுடையது 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்த சீரிஸ் 3. 88 அங்குல வீல்பேஸ், 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினியக் கூரை, பக்கவாட்டில் நகர்த்தும் கண்ணாடிகள். ஹீட்டர் கிடையாது. குளிர்சாதனம் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த வண்டிக்கு இரண்டு விதமான தொல்லை. மேலே, பிரிஞ்சாங்கில் மாலை மழையில் நான்கு பேர் ஏறினால் ஐந்தாவது நிமிடத்தில் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஒரு கை ஸ்டீயரிங்கிலும் ஒரு கை துணியிலும் இருக்கும். கீழே, தாப்பாவுக்கு இறங்கினால் கதை தலைகீழ். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். திரும்பி ஏறும்போது இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு வரும் வண்டியின் சூடு முழுவதும் காலடியில் இறங்கும். கூடவே லேசான பெட்ரோல் வாடையும் எண்ணெய்ப் புகை வாடையும்.

சந்தையில் கிடைக்கும் 12 வோல்ட் மின்விசிறி ஒன்றை டேஷ்போர்டில் திருகிவிடுவதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் வைத்தியம். அது உள்ளே இருக்கும் சூட்டையே முகத்தில் அடிக்கும். கண்ணாடியின் ஈரத்தையும் போக்காது, ஏனென்றால் ஈரம் வண்டியைவிட்டு வெளியே போகவே இல்லை.

ரிங்லெட்டில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம்தான் என் வண்டி போகும். லேண்ட் ரோவரோடே காலம் கழித்தவர். நான் கூரையில் ஒரு பெரிய வென்ட் வெட்டலாமா என்று கேட்டதற்கு அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "காற்றுக்கு முன்வாசல் ஏற்கெனவே இருக்கிறது தம்பி, நீங்கள் அதைத் திறப்பதே இல்லை. புறவாசல்தான் இல்லை. அதற்கும் முன்னால், தரையில் இருக்கும் திருட்டு வாசல்களை அடைத்துவிடுங்கள்" என்றார். பின்னால் செய்த வேலை எல்லாம் இந்த வரிசையின் விரிவுதான். வேலை அவர் கடைசியாகச் சொன்ன தரையிலிருந்து தொடங்கியது.

ஏன் தரையிலிருந்து? ஓடும் வண்டியில் முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடும். லேண்ட் ரோவரின் கண்ணாடி கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்பதால் அங்கே காற்று நன்றாக முட்டும். வண்டியின் முதுகில், தட்டையான பின்கதவுக்குப் பின்னால், அழுத்தம் குறையும். தோட்டத்து மண்சாலையில் முன் ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் மூடிக்கொண்டு போனால் பின்கதவு இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே வருவது இதனால்தான். புழுதி வரும் வழியில் எக்சாஸ்ட் புகையும் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே தரையும் பின்கதவும் ஓட்டையாக இருக்கும்போது காற்றை வெளியே இழுக்கும் விசிறி எதையாவது பொருத்தினால், அது முதலில் இழுப்பது கியர் பாக்ஸ் பக்கத்துச் சூட்டையும் புகையையும்தான்.

எக்சாஸ்டிலிருந்து ஆரம்பித்தேன். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஈரத்துணியால் டெயில் பைப்பைச் சில விநாடி மட்டும் அடைத்தால், எங்கே கசிகிறதோ அங்கே சீறும் சத்தம் கேட்கும். முன் குழாய், இன்ஜின் புகையைத் திரட்டும் மேனிபோல்டோடு சேரும் இடத்தில் சீறியது. சுற்றிலும் கரி படிந்திருந்ததால் சத்தம் கேட்காமலே கண்டுபிடித்திருக்கலாம். கேஸ்கட்டும் புது நட்டுகளும் போட்டு முடித்தோம். டெயில் பைப்பின் நுனி வண்டியின் உடலுக்கு அடியிலேயே முடிந்திருந்தது. அதை ஓரத்தைத் தாண்டி வெளியே வரும்படி நீட்டினோம். சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் மற்றவற்றைத் தொடக் கூடாது.

அடுத்து கேபின் தரை. சீரிஸ் லேண்ட் ரோவரின் தரை ஒரே துண்டு அல்ல. கால்வைக்கும் தகடுகள், நடுவில் கியர் பாக்ஸை மூடும் மேடு, இருக்கைப் பெட்டி எல்லாம் தனித்தனியாகப் போல்ட் போட்டு இணைத்தவை. கியர் பாக்ஸைக் கழற்ற இந்த அமைப்பு பெரிய வசதி. ஆனால் நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர் கழற்றி மாட்டியிருப்பார்கள்! ஒவ்வொரு முறையும் பழைய சீலைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் தகட்டின்மேல் தகட்டை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டுகளில் பாதி காணவில்லை. கியர் நெம்புகோலைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் உறை கிழிந்து, கீழே சாலை தெரிந்தது. கை பிரேக் நெம்புகோல் வரும் பிளவு அப்படியே திறந்து கிடந்தது.

எல்லாத் தகடுகளையும் கழற்றி, ஓரங்களைச் சுரண்டி, மூடிய துளை கொண்ட ரப்பர் நுரைப் பட்டையை ஒட்டி, காணாமல் போன போல்ட்டுகளுக்குப் புதியவை போட்டேன். சிலிகான் பூசி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அடுத்த முறை கிளட்ச் வேலைக்குத் தரையைக் கழற்றுபவர் உங்களைச் சபிப்பார். அது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். நெம்புகோல்களுக்குப் புது ரப்பர் உறைகள் இன்னும் கிடைக்கின்றன. கை பிரேக் பிளவுக்குத் தோல் துண்டு ஒன்றைத் தைத்துப் பொருத்தினேன்.

சூட்டைத் தடுக்க, தகடுகளின்மேல் அலுமினியப் படலம் ஒட்டிய 6 மில்லிமீட்டர் நுரைத் தாள். மூடிய துளை நுரையாகப் பார்த்து வாங்க வேண்டும். கம்பளமோ சணல் விரிப்போ போட்டால் இந்த மலையின் மழைக்கு அது ஒருபோதும் காயாது. லேண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியம் என்பதால் துருவே பிடிக்காது என்று நம்புபவர்கள் உண்டு. இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையில் நிற்கும் பல்க்ஹெட் இரும்பு. கால்வைக்கும் பள்ளமும் அதைச் சேர்ந்தது. ஈர விரிப்புக்கு அடியில் அது சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். தாளை ஒட்டும்போது, கியர் எண்ணெயைச் சோதிக்கும் மூடிக்கு மட்டும் இடம் விட்டு வெட்டினேன்.

இத்தனைக்கும் பிறகு தாப்பாவிலிருந்து ஏறி வந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியை நடு மேட்டின்மேல் பிடித்தேன். முன்பு 60 டிகிரிக்கு மேல் காட்டிய இடம் 45க்குள் நின்றது. வாடை அறவே இல்லை. காற்று ஒரு சொட்டுகூட அதிகமாக வரவில்லை. ஆனாலும் கேபின் பாதி உருப்பட்டுவிட்டது.

இனி முன்வாசல். முன் கண்ணாடிக்குக் கீழே பல்க்ஹெட்டில் இடதும் வலதுமாக இரண்டு காற்றுக்கதவுகள் சீரிஸ் வண்டிகளின் அடையாளம். மேல் விளிம்பில் கீல், கீழ் விளிம்பு வெளியே திறக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஆளுக்கொரு நெம்புகோல். குழாய் இல்லை, மோட்டார் இல்லை. காற்றழுத்தம் கூடும் இடத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். நான் பார்த்த கார் காற்றோட்ட ஏற்பாடுகளில் இதைவிட அறிவுள்ளதும் எளிமையானதும் வேறில்லை. சீரிஸ் வண்டிகளுக்குப் பின் வந்த டிஃபெண்டரிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது; 2007 மாடலில் எடுத்துவிட்டார்கள். வெளியே தகட்டில் அந்த வடிவம் மட்டும் மிச்சம் இருந்தது.

என் வண்டியில் வலதுகதவு பாதியே திறந்தது. இடதுகதவு அசையவே இல்லை. கீல் திருகுகள் துருவில் இறுகியிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் சூடேற்றித் திருப்பியதில் சில வந்தன. மீதியைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கதவைக் கழற்றியதும் உண்மையான காரணம் தெரிந்தது. பூச்சி வராமல் இருக்க உட்புறம் ஒரு கம்பி வலை உண்டு. முந்தைய உரிமையாளர் யாரோ வண்டிக்குப் பச்சை வண்ணம் அடித்தபோது வலையையும் சேர்த்து அடித்திருக்கிறார். கண்கள் பாதிக்கு மேல் வண்ணத்தால் அடைபட்டு, மிச்சத்தில் பைன் இலையும் செத்த பூச்சியும் செருகியிருந்தன. நெம்புகோலை எவ்வளவு தள்ளினாலும் காற்று எங்கிருந்து வரும்?

வலையைப் புதிதாகப் போட்டேன். ரொம்ப நெருக்கமான கொசுவலை வேண்டாம், காற்றைத் தடுக்கும். ஓட்டையின் கீழ் உதட்டில் தண்ணீர் தேங்கும் மூலைகளில் துரு பொத்தல் போடும் நிலைக்கு வந்திருந்தது. கம்பி பிரஷ், துரு மாற்றி, துத்தநாக ப்ரைமர், அதன்மேல் வண்ணம். திருகுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகும், இழைகளில் கிரீஸும். கதவின் விளிம்பு சீலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தடிமனான ரப்பர் ஒட்டினால் நன்றாக அடைக்கும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கீல் பக்கம் முட்டி, கீழே வாய் பிளந்துகொள்ளும். கீல் பக்கம் மெல்லியதும் கீழ்ப்பக்கம் சற்றுத் தடித்ததுமாக ஒட்ட வேண்டும். மூடிய பிறகு காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்த்தால் எங்கே பிடிப்பில்லை என்று தெரிந்துவிடும். பிறகு குழாய்த் தண்ணீரை அடித்து உள்ளே கைவைத்துப் பார்த்தோம்.

கதவுகள் திறந்தன. ஆனால் மெதுவாகப் போகும்போது வந்தது சூடான காற்று. இன்ஜின் அறையின் சூடு பானட்டின் பின்விளிம்பு வழியாக வெளியேறி நேராகக் காற்றுக்கதவுக்குள் நுழைகிறது. பானட் உட்காரும் ரப்பர் கல்லாகி உதிர்ந்திருந்தது. அதை மாற்றியதும் நின்றது. அடுத்த சந்தேகம், பானட்டின்மேல் படுத்திருக்கும் உதிரிச் சக்கரம். அழகுதான், லேண்ட் ரோவருக்கு அதுதான் முகம். ஆனால் கதவுக்கு வரும் காற்றை அது மறிக்காதா? கதவுக்கு முன்னால் கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, சக்கரத்தோடும் இல்லாமலும் தானா ராத்தா சாலையில் ஓட்டினோம். சக்கரம் இருந்தபோது நூல்கள் குழம்பிப் பக்கவாட்டில் துள்ளின. எடுத்த பிறகு நேராகக் கதவை நோக்கிப் படுத்தன. உள்ளே கைக்கும் வித்தியாசம் தெரிந்தது. சக்கரம் இப்போது பின்பக்கம் உள்ளே படுத்திருக்கிறது. என் தம்பிக்கு இந்த முடிவில் இன்னமும் வருத்தம்; வண்டி மொட்டையாகிவிட்டது என்கிறான்.

புறவாசலுக்குக் கூரையை வெட்டவில்லை. ஓட்டை போட்ட கூரை என்றாவது ஒழுகும், அதுவும் இந்த ஊரில். அதற்குப் பதிலாக, பின்பக்கம் நகரும் கண்ணாடிகளில் இடப்பக்கம் ஒன்றைக் கழற்றி, அதே தடிமனில் அக்ரிலிக் துண்டு வெட்டி அந்தத் தடத்தில் செருகினேன். அதன் மேல் பகுதியில் 120 மில்லிமீட்டர் கணினி விசிறிகள் இரண்டு. வெளிப்பக்கம் பின்னோக்கி வாய் திறந்த தகடு மூடி. வண்டி ஓடும்போது அந்த வாயில் காற்று தானே உறிஞ்சும், மழைத்தண்ணீரும் நேராக உள்ளே வராது. வேண்டாமென்றால் துண்டை உருவிவிட்டுப் பழைய கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம். டெயில் பைப்பின் வாய்க்கு எதிர்ப்பக்கமாகவும் உயரமாகவும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வெளியேறும் வழியைப் பெரிதாக்க ஆசை வரும். நான் வேண்டுமென்றே சிறிதாக வைத்தேன். முன்னால் இரண்டு காற்றுக்கதவும் திறந்திருக்க, பின்னால் வழி குறுகலாக இருந்தால் கேபினுக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடும். அப்போது ஒவ்வொரு இடுக்கிலும் காற்று உள்ளிருந்து வெளியே கசியும். புழுதியும் புகையும் எதிர்நீச்சல் போட வேண்டும். வெளிவழி பெரிதானால் இது தலைகீழாகும். ஆகவே விசிறிகள் நெரிசலில் ஊர்ந்து போகவும் நின்றிருக்கவும் மட்டும்தான். சாலையில் வேகம் பிடித்ததும் அணைத்துவிடுகிறோம். பின்கதவின் சுற்று ரப்பரையும் இதோடு மாற்றினேன். கடைசிச் சோதனைக்கு ஊதுபத்தி. விசிறியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பின்கதவின் விளிம்பிலும் கியர் உறையிலும் புகையைக் காட்டினால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம். முன் காற்றுக்கதவுகளை மூடியபோது கியர் உறையிடம் புகை லேசாக உள்ளே சாய்ந்தது. திறந்ததும் நேராக நின்றது. விசிறி ஓடும்போது முன் காற்றுக்கதவுகள் திறந்தே இருக்க வேண்டும் என்பது எங்கள் வண்டியில் சட்டம். இருக்கைக்குப் பின்னால் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் தொங்குகிறது. பழைய பெட்ரோல் வண்டியில் இதற்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது.

மீதி இருந்தது கண்ணாடி மங்கல். வெளியே மழை, காற்று முழுக்க ஈரம். அந்தக் காற்றை உள்ளே விட்டால் இன்னும் மங்காதா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 16 டிகிரியில் ஈரம் முழுமையாக நிறைந்த காற்றை 22 டிகிரி கேபினுக்குள் கொண்டுவந்தால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நனைந்த நான்கு பேர் மூச்சுவிட்ட காற்றைவிட அது உலர்ந்தது. ஹீட்டர் இல்லாமலும் கண்ணாடியைத் தெளிவாக வைக்கலாம், அந்தக் காற்று கண்ணாடியை ஒட்டி ஓடினால். இயல்பாக அது முழங்காலுக்குத்தான் போகிறது.

ஈப்போவில், பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஒரு ஹாஃப் கட் கடையில் சிறிய ஜப்பானியக் காரின் புளோவர் (காற்றை ஊதும் மோட்டார் விசிறி) 50 ரிங்கிட்டுக்குள் கிடைத்தது. இடது காற்றுக்கதவின் உட்புறம், பாதியை மட்டும் மூடும் தகடுப் பெட்டி ஒன்று செய்து, புளோவர் அதிலிருந்து வெளிக்காற்றை இழுக்கும்படி பொருத்தினேன். மறு பாதி பயணியின் காலுக்கு. பெட்டியின் அடியில் மழைநீர் வடிய ஒரு துளையும் குழாயும் உண்டு. புளோவரிலிருந்து இரண்டு வளையும் குழாய்கள் டேஷ்போர்டின் மேல்விளிம்புக்குப் போகின்றன. அங்கே கண்ணாடியை ஒட்டித் தட்டையான இரண்டு வாய்கள். வாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, காற்று தாளைப் போல விரிந்து கண்ணாடிமேல் ஏறும்.

மின்சாரத்துக்குப் பச்சை நிறக் கம்பியிலிருந்து எடுத்தேன். இந்த வண்டிகளின் லூகாஸ் நிற முறையில் பச்சை என்றால் சாவி போட்ட பிறகு ஃபியூஸ் வழியாக வருவது; கறுப்பு எர்த். புளோவருக்கு ரிலேயும் தனி ஃபியூஸும். மீட்டரில் 5 ஆம்பியருக்குக் கீழேதான் காட்டியது. சீரிஸ் 3இல் வரும் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டரின் திறன் 34 ஆம்பியர். விளக்கு, வைப்பர், புளோவர், விசிறிகள் எல்லாம் சேர்ந்து 20ஐத் தாண்டாது. டைனமோ உள்ள பழைய சீரிஸ் 2ஏ வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழை மாலைகளில் இப்போது துணி தேவைப்படுவதில்லை. ஓட்டுநர் பக்கம் உடனே தெளிகிறது. இடது கீழ்மூலையில் ஒரு கையகலம் மட்டும் பிடிவாதமாக மங்கியே இருக்கிறது, வாயை இன்னும் சற்றுச் சாய்க்க வேண்டும். தாப்பா வெயில் தாப்பா வெயில்தான். 33 டிகிரிக் காற்றை உள்ளே விட்டால் 33 டிகிரிக் காற்றுதான் கிடைக்கும். ஆனால் வண்டி நகர்ந்தால் முகத்தில் காற்று இருக்கிறது, காலடி வேகவில்லை.

வெயிலுக்கு அடுத்த வேலை கூரையில்தான். வெப்ப நாடுகளுக்கென்று அந்தக் காலத்திலேயே இரட்டைக் கூரை செய்திருக்கிறார்கள். மேல் தகடு வெயிலை வாங்கிக்கொள்ள, இடைவெளியில் காற்று ஓடும். அசல் கூரை கிடைப்பது அரிது. கிடைத்தால் விலையைக் கேட்கவும் பயமாக இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை, கூரையைத் துளைக்காமல், கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் கவ்வும் பட்டைகளில் தாங்கவைக்க முடியுமா என்று பெரியவரும் நானும் அளந்துகொண்டிருக்கிறோம். வேகத்தில் தகடு அதிரும் என்கிறார் அவர். நடுவில் ஒரு விலா வளைத்தால் அதிராது என்பது என் கட்சி.